ரிஸானாவின் முடிவு

சங்கரன்கோவிலில் விசைத்தறிகள் இரைகிற தெருவில் பீர் மைதீன் வீட்டுத் தறி மட்டும் நின்றுபோயிருக்கிறது. பாதி நெய்த சேலை அப்படியே கிடக்க, சன்னல் வெயிலில் பஞ்சுத்தூசி மிதக்கிறது. வீடுவீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கும் நர்ஸ் ஜெயசித்ரா, முகக்கவசத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். போன வாரம் அவள்தான் அவர் மனைவி ரிஸானாவின் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு இன்று காலைதான் செல்போனில் வந்தது. ரிஸானாவை நேற்றே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"பன்றிக் காய்ச்சல்னு வந்திருக்கு, பாய்."

"பன்னியா? நாங்க அது இருக்க திசைப்பக்கமே போவமாட்டமே, சிஸ்டர்."

"பேருதான் அப்படி. இருமுனா, தும்முனா மனுசருக்கு மனுசர் ஒட்டுது. புளியங்குடி, வாசுதேவநல்லூர்னு எல்லாப் பக்கமும் ஏறிக்கிட்டே வருதுன்னு நாங்களும் மேல எழுதிக்கிட்டுதான் இருக்கோம்."

அவர் எதையோ யோசித்தபடி தலையாட்டுகிறார். மடியில் கிடக்கும் சின்ன மகள் நஸ்ரின் இருமுகிறாள். ஜெயசித்ரா அவள் நெற்றியில் கைவைக்கிறாள். அனலாகச் சுடுகிறது. அவசரமாகப் பையைத் துழாவி மருந்தை எடுத்து நீட்டுகிறாள்.

"இத இப்பவே குடுங்க, பாய். ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம். முடிவு வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்."

மருந்தை வாங்கிக்கொண்டு பீர் மைதீன் நிமிர்ந்து பார்க்கிறார். குரலில் கோபமே இல்லை.

"இவ உம்மாவுக்கும் காத்திருக்காம குடுத்திருக்கலாமே, சிஸ்டர்?"

ஜெயசித்ரா பிள்ளைக்குத் தண்ணீர் எடுக்க எழுந்து, எது அடுப்படி என்று தெரியாமல் அந்த வீட்டுக்குள் நடக்கிறாள்.