மேஜைக்கு அடியில்

கொழுந்தன் மென்றுவிட்டு மேஜைக்கு அடியில் ஒட்டிவைக்கும் பபிள்கம்மைச் சுரண்டிச் சுரண்டியே அவளுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. அந்த அருவருப்பு தாங்காமல்தான், செல்லங்களா, புருஷனை நச்சரித்து வேறு நாட்டில் வேலை தேடவைத்தாள். சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள்.

எல்லையைத் தாண்டியதும் வேன் இருமி இருமி நின்றுபோனது. மெக்கானிக் டீசல் குழாயைக் கழற்றி, கம்பியை விட்டுக் குடைந்து, ரோஸ் நிறத்தில் ஓர் உருண்டையை வெளியே இழுத்தார்.

"யாரோ மென்னு போட்டதும்மா. டீசல்ல கிடந்தும் எச்சில் காயல பாருங்க. உவ்வே!"

அதில் பல்வரிசை பதிந்திருந்தது. முன்பல் ஒன்றின் இடம் மட்டும் காலி. கொழுந்தனுக்கும் அந்தப் பல் கிடையாது.

புருஷன் ஊருக்குப் போன் போட்டான்.

"வண்டியில என்னடா பண்ணி வச்சே?"

"வண்டிப் பக்கமே நான் வரலியேண்ணா. அண்ணி இல்லாம வீடே வெறிச்சுன்னு கிடக்குன்னு சொல்லு" என்றான் கொழுந்தன், சவக் சவக்கென்று மென்றுகொண்டே.

பொழுது சாய்வதற்குள் புது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சமையலறையில் கடையிலிருந்து வந்த மேஜை, சுற்றிய பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல் நின்றது. அவளே அதைக் கிழித்துப் போட்டாள்.

"அப்பாடா! இனிமே நம்ம மேஜை, நம்ம வீடு" என்று உட்கார்ந்தாள்.

பழக்க தோஷம், கை தானாக அடியில் போனது. விரல் மெத்தென்று பதிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.