மெர்சி காது வைக்கும் இடம்

தகரக் கூரையின் இடுக்கில் விழும் காலை வெயிலில், எட்வின் கிடாரின் கடைசிக் கம்பியை முறுக்கி ஏற்றுகிறார். ஆம்பூர்த் தோல் ஆலைகளின் நெடி வாசல்வரை வந்து நிற்கிறது. கம்பிகள் அமரும் சிறு துண்டை எருமை எலும்பில் அவரே ராவிச் செய்திருக்கிறார். அதன் வெள்ளைத் தூள் இன்னும் லுங்கியில் ஒட்டியிருக்கிறது. முப்பது வருடம் கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தவர். சிறுநீரகங்கள் கெட்டு, டயாலிசிஸுக்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்தபிறகு அந்த விரல்கள் மரத்துப்போய்விட்டன. வாசிக்க முடியாமல் போனவர் செய்து முடித்திருக்கும் முதல் கிடார் இது. ஷூ கம்பெனிச் சீருடையில் மனைவி மெர்சி அவர் பக்கத்தில் குந்துகிறாள். தினமும் வேலைக்குப் போகுமுன் அந்தத் தையலின் மேல் காது வைப்பாள். உள்ளே ரத்தம் இரைவது கேட்க வேண்டும், நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்றும் அவள் காது வைத்திருக்கும்போதே அவர் கம்பியை மீட்டுகிறார். கிடார் முதன்முதலாக ஒலிக்கிறது. சட்டென்று மெர்சி உள்ளங்கையைக் கம்பிகள்மேல் வைத்து அழுத்துகிறாள்.

“இன்னா மெர்சி, சத்தம் நல்லா இல்லியா?”

“சும்மா இருங்க. உள்ள ஒண்ணும் கேக்கல.”

தெருவில் கம்பெனி வேன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்புகிறது. மெர்சி காதை இன்னும் அழுத்தி வைக்கிறாள். அவளுக்குக் கேட்கட்டும் என்று எட்வின் மூச்சை அடக்கிக்கொள்கிறார்.