வெலிச்காவின் ஏழு

எங்கள் மூட்டுவலி மருந்துச் சோதனையில் நோயாளியாக இருந்த வெலிச்கா மார்ச்சில் இறந்துபோனார். அவர் வலிக்குறிப்பு எழுதாத வாரங்களைப் புதிய கணக்கீட்டு முறை தானே நிரப்பியது: வலி, பத்துக்கு இரண்டு. அதாவது மருந்து வேலை செய்கிறது.

ஆனால் அவர் இறந்த பிறகும் திங்கள்தோறும் அவருடைய வலிக்குறிப்பு தபாலில் வந்தது. அதே சாய்ந்த கையெழுத்து. வலி ஏழு.

"செத்தவங்க லெட்டர் போட்டா தபால்காரனத்தான் கேக்கணும், ராலிட்சா," என்று மேலாளர் லியூபென் சிரித்தார். "ரெண்டையே வச்சுக்கோ."

கடைசிக் கூட்டத்தில், லண்டனிலிருந்து மருந்துக் கம்பெனி அதிகாரி வீடியோவில் கேட்டார்: "அப்போ ரெண்டுதானே?"

நான் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். எங்கள் ஊரான ப்ளோவ்டிவில் அதற்கு 'இல்லை' என்று பொருள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். லியூபென் திருத்தவில்லை. நானும்தான். மறுத்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த திங்களும் உறை வந்தது. வலி ஏழு. அதன் கீழே புதிதாக ஒரு வரி: "தலைய ஆட்டாத, பொண்ணே. வாயத் திறந்து சொல்லு."

லியூபென் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லண்டனை வீடியோவில் அழைத்தேன்.

"இரண்டு இல்லை, ஏழு," என்றேன், தலையை அசைக்காமல்.