பத்து புள்ளி இரண்டு

இருபத்தொன்பதாவது தாளிலும் அதே எண்தான் இருந்தது. 10.2.

வேறு பள்ளியிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் அதை விரல் நுனியால் தள்ளி வைத்தார்.

வேதியியல் ஆய்வகம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். கழுவுதொட்டியில் யாரோ துப்பிய எச்சில் காயாமல் கிடந்தது. அதன் ஓரத்திலேயே அவருக்கென்று கொண்டுவந்து வைத்த தேநீர். மேலே படிந்த ஆடையில் ஒரு ஈ ஒட்டிக்கொண்டிருந்தது.

சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: 'கேள்வி கேள். செய்து பார். நீயே கண்டுபிடி.'

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வு இந்த வருடம் முதல் அப்படித்தான். ஒரு கரைசலைக் கொடுப்பார்கள். அதன் வீரியம் எவ்வளவு, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாணவர்களே யோசித்து, செய்து பார்த்து எழுத வேண்டும்.

யோசித்த லட்சணம் தாளிலேயே தெரிந்தது. இருபத்தொன்பது பேருக்கும் ஒரே யோசனை, ஒரே வாக்கியம். 'கரைசல்' கூட எல்லாத் தாளிலும் 'கறைசல்' ஆகியிருந்தது.

ஒரு பையன் செய்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். அளவுக் குழாயான பியூரெட்டைத் திறந்துவிட்டான். ஊதாக் கரைசல் பத்து மில்லிக் கோட்டைத் தாண்டியதும் மூடினான். கீழே குடுவையே இல்லை. எல்லாம் தொட்டிக்குள் போனது.

கடைசி மேசையில் ஒரு பெண் மட்டும் இன்னும் குனிந்து நின்றாள்.

வகுப்பில் அவளுக்கு நத்தை என்று பெயராம். எதையும் மூன்று தடவை செய்யாமல் விடமாட்டாளாம். அந்தப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர், அவள் சார்பில் மன்னிப்புக் கேட்பவர்போல் சிரித்துக்கொண்டே சொன்னார்.

புறத்தேர்வாளர் அருகில் போய்ப் பார்த்தார். 11.6. 11.7. 11.6.

"மூணு தடவை செஞ்சுட்டேன் சார். எல்லாருக்கும் பத்து புள்ளி ரெண்டு வருதாம். நான் எங்க தப்பு பண்றேன்னே தெரியல."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பியூரெட்டை வாங்கினார். இந்தக் குழாயைத் தொட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. சொட்டுச் சொட்டாக விட்டார். குடுவையில் இளஞ்சிவப்பு தோன்றி மறைந்தது, மறுபடி தோன்றி மறைந்தது. பிறகு ஒரு சொட்டில் அப்படியே நின்றுவிட்டது.

11.6.

கரைசல் தயாரித்தவர் தராசைப் பார்க்காமல் கைக்கு வந்ததை அள்ளிப் போட்டிருக்கிறார். அது அந்த அறையில் ஒருத்தியின் எண்ணில்தான் தெரிந்தது. மற்றவர்கள் யாரும் செய்தே பார்க்கவில்லை.

ஆசிரியர் வந்து உரசினாற்போல் நின்றார். பெப்பர்மின்ட் மூச்சு அவர் காதில் பட்டது. இவளுக்கு முழு மதிப்பெண் போட்டால் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் என்ன போடுவது, ஒரு ஐந்தைக் குறைத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை என்று கிசுகிசுத்தார்.

கைமேல் கரப்பான் ஏறினதுபோல் இருந்தது அவருக்கு.

எல்லாத் தாளையும் ரத்து செய்யப்போவதாகச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆசிரியர் முகம் மாறவில்லை. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து மேசைமேல் மெதுவாக வைத்தார். அவ்வளவுதான்.

புறத்தேர்வாளர் அதன் திரையைப் பார்த்தார்.

அவர் பேனாவைத் திறந்தார். அந்தப் பெண்ணின் தாளில் ஐந்தைக் குறைத்தார். மதிப்பெண் பட்டியலில் முப்பது பேருக்கும் கையெழுத்துப் போட்டார்.

"இன்னும் கொஞ்சம் கவனமா செய்யணும்மா."

சரி சார் என்று தலையாட்டிவிட்டு, அவள் பியூரெட்டைக் கழுவப் போனாள். அதையும் மூன்று தடவை கழுவினாள்.

மேசைமேல் கைபேசியின் திரை இன்னும் அணையவில்லை. முந்தின நாள் மாலை நாலே காலுக்கு வந்த செய்தி அதில் திறந்திருந்தது.

'எவ்வளவு எடை போடணும்னு கீழே எழுதியிருக்கேன் சார். 10.2 வரும். பிள்ளைகளிடம் இப்பவே சொல்லிடுங்க.'

எந்தப் பள்ளிக்குத் தேர்வு நடத்தப் போனாலும், முந்தின நாளே புறத்தேர்வாளர் தவறாமல் அனுப்புகிற செய்தி.