ஹார்னுக்குள் தண்ணீர்

முகவாதம் வந்து உதடு கோணிய பிறகு ஆறு மாதமாக பியாட்ரிஸ் இசைக்குழுவுக்குப் போகவில்லை. பதினெட்டு வருடம் அவள் ஊதிய பிரெஞ்சு ஹார்னை இசைக்குழு ஆபீஸ் திரும்பக் கேட்டது. பக்கத்து நாற்காலியில் ஊதும் ஜெரால்டுதான் வாங்க வந்தான். பெட்டியில் வைக்கும் முன் பழக்கதோஷத்தில் அதைக் கவிழ்த்துச் சுழற்றினான். தரையில் தண்ணீர் சொட்டியது. ஊதிய மூச்சு குழாய்க்குள் குளிர்ந்து சேர்ந்த தண்ணீர்.

"தொடறதே இல்லன்னு போன்ல சொன்னீங்களேக்கா?"

"தினமும் ஊதறேன். சத்தம்தான் வரல."

ஜெரால்டு இன்னொரு முறை சுழற்றினான். மறுபடியும் சொட்டியது. ஹார்னை அவள் மடியில் வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினான்.

"ஆபீஸ்ல திறந்தெல்லாம் பாக்க மாட்டாங்கக்கா" என்றவன், வெறும் பெட்டியைக் கனம் தாங்காதவனைப் போல ஒரு பக்கம் சாய்ந்து தூக்கிக்கொண்டு படியிறங்கினான்.