கீழே விழுந்த பேனா

தொழிற்சாலை டாக்டரின் அறையில் குழல்விளக்கு விட்டு விட்டு எரிகிறது. சுவரில் தோலுரித்த மனிதனின் படம், முதுகை வளைக்கும் தசைகள் சிவப்புச் சிவப்பாக. அதில் ஒவ்வொரு தசைக்கும் பெயர் இருக்கிறது. அதன் கீழே மகளின் தோளைப் பிடித்து நிற்கும், தரை துடைக்கிற அம்மாவுக்கு இங்கே ‘ஏம்மா’தான் பெயர். முதுகுவலிக்கு விடுப்பு கேட்டு வந்திருக்கிறாள். தொட்டுக்கூடப் பார்க்காத அந்த மகானுபாவர், மேசையிலிருந்த பேனாவை விரலால் கீழே தள்ளிவிடுகிறார். அடுத்த நொடி அம்மாவின் உடம்பு மடிகிறது. யார் எதைப் போட்டாலும் எடுத்தே பழகிய உடம்பு. “நல்லாத்தானே குனியுறாங்க? நாளைக்கே வேலைக்கு வரட்டும்.” மகளுக்கு முகம் கொதிக்கிறது. “குனிய முடியலன்னு யாரு சார் சொன்னா? குனிஞ்சா நிமிர முடியலன்னுதானே வந்ததுலேர்ந்து கத்துறேன்!” மடிந்த தசைகள் கல்லாக இறுகிக்கிடக்க, அம்மா பேனாவை மட்டும் மேலே நீட்டுகிறாள். டாக்டர் அதை வாங்கி, கைக்குட்டையால் துடைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, அடுத்த ஆளுக்கு மணி அடிக்கிறார். அம்மா இன்னும் அவருடைய பூட்ஸைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.