டேங்க் மூடியில் சந்தனம்

வண்டி ஏற்றத்தின் பாதியில் நின்றது. வழக்கமாக நிற்கும் அதே இடம்.

"நடந்தே வந்திருந்தா தாலி கட்டறதப் பாத்துட்டுப் பந்திக்கே போயிருப்பேன்பா," என்றாள் பின்சீட்டில் இருந்த கோவிந்தம்மாள். மாப்பிள்ளையின் அத்தை. இரண்டு முழங்காலும் மடங்காது.

கல்யாண மண்டபத்தின் கேட்டிலிருந்து வாசல்வரை ஏற்றம். நடக்க முடியாதவர்களை அதில் கொண்டுபோய் விடுவதுதான் என் பிழைப்பு. சென்னையில் ஏதோ கோல்ஃப் மைதானத்தில் கழித்துப்போட்ட பழைய பெட்ரோல் வண்டி.

மேலே மேனேஜர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் நின்றால் அடுத்த முகூர்த்தத்திலிருந்து பேட்டரி வண்டிதான் என்று காலையில் சொல்லியிருந்தார்.

அந்தப் பேட்டரி வண்டி என் மனைவி பிரேமாவின் அண்ணன் சந்திரமோகனுடையது.

"என் வண்டிய ஓட்ட வா மாப்ள. மாசம் பொறந்தா சம்பளம். இந்த ஓட்ட வண்டிய எத்தினி நாளிக்குத் தள்ளிகினு இருப்ப?" என்று சந்திரமோகன் பாவா சிரிப்பார்.

மாட்டேன் என்றுவிட்டேன். பிரேமா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு வண்டி நிற்க ஆரம்பித்தபோது, கார்பரேட்டரில் என்ன கோளாறு என்று மட்டும் கேட்டாள்.

கேட்க ஆள் கிடைத்தால் நான் விடமாட்டேன். சாப்பிட்ட தட்டிலேயே விரலால் வரைந்து காட்டினேன். கார்பரேட்டருக்கு அடியில் ஒரு கிண்ணம், அதில் ஒரு மிதவை. மாடித் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே வேலை. மேலே காற்று போகிற தொண்டை. தொண்டை குறுகும் இடத்தில் காற்று வேகமெடுக்கும். அங்கே அழுத்தம் குறையும். கிண்ணத்துப் பெட்ரோல் ஊசிமுனைத் துளை வழியாக எழும்பி, பூத்தூறலாகக் காற்றில் கலந்து இன்ஜினுக்குப் போகும்.

ஊரில் வேறு யாரும் இதையெல்லாம் கேட்கமாட்டார்கள். பிரேமா கேட்பாள். முன்பு ஒருமுறை பைக் டேங்க் ஒழுகியபோது அவள் குளிக்கிற சோப்பைத் தேய்த்து அடைத்தேன். அது ஏன் கரையவில்லை என்று கேட்டாள். சோப்பு தண்ணீரில்தான் கரையும், பெட்ரோலில் கரையாது என்று அதற்கும் ஒரு சாயங்காலம் முழுக்க விளக்கினேன். அவள் கேட்ட எதற்கும் தெரியாது என்று நான் சொன்னதே இல்லை.

இறங்கி என் சீட்டைத் தூக்கினேன். இன்ஜினும் டேங்கும் அதற்கடியில்தான்.

விசித்திரமான கோளாறு. கிளம்பும், நன்றாகப் போகும், திடீரென்று திணறி நிற்கும். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்ப்பேன். இருக்கும். உடனே கார்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டுவேன். ஓடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும். எல்லோரும் கார்பரேட்டர்தான் என்றார்கள். நானும்தான்.

இன்று மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்த பதற்றத்தில் மூடியைத் தொடவில்லை. முதலில் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தினேன்.

ஒரு சொட்டு விழவில்லை.

அப்படியென்றால் கார்பரேட்டருக்கு நோய் இல்லை. பட்டினி.

திருகை இறுக்கிவிட்டு டேங்க் மூடியைத் திருகினேன். மேளக்காரர்கள் ஓய்ந்திருந்த நேரம். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்வது கேட்டது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் ஒழுங்காக விழாது. காற்று நுழைய எதிர்மூலையில் இன்னொன்று போடவேண்டும். டேங்க் மூடியில் இருக்கும் சின்ன ஓட்டையும் அதற்குத்தான். அது அடைபட்டால் பெட்ரோல் குறையக் குறைய, டேங்க் மிச்சத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். இத்தனை நாளும் வண்டி ஓடியது என் கார்பரேட்டர் வைத்தியத்தால் இல்லை. பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்தேனே, அதனால்.

மூடியின் மேல் சந்தனம், குங்குமம்.

கிருத்திகைதோறும் பிரேமா முருகன் மலைக்கோயிலுக்குப் போய்வந்து வண்டிக்குப் பொட்டு வைப்பாள். முன்னால் வைத்தால் மட்டும் போதுமா என்று போன கிருத்திகையில் சீட்டைத் தூக்கச் சொல்லி இதற்கும் வைத்தாள். பொட்டு கலையக் கூடாதென்று நான் மூடியின் ஓரத்தைப் பிடித்தே திருகிவந்தேன்.

கோளாறு ஆரம்பித்ததும் அதற்கப்புறம்தான்.

பக்தி முற்றி வண்டிக்கு மூச்சு முட்டிவிட்டது. வீட்டுக்குப் போய் அவளை நன்றாகக் கேலி செய்யவேண்டும் என்று நினைத்தபடி நகத்தால் சுரண்டினேன்.

காய்ந்த சந்தனம் பொடியாக உதிர்ந்தது.

ஓட்டைக்குள் இருந்தது உதிரவில்லை.

கம்பியால் குத்தினேன். புழு மாதிரி ஒரு துண்டு வெளியே வந்தது. பச்சை நிறம். விரலில் உருட்டினால் வழுக்கியது. முகர்ந்தேன். பெட்ரோல் நாற்றத்துக்கு அடியில் எங்கள் வீட்டுக் குளியலறை வாசனை.

மூடியில் ஓட்டை எதற்கு என்று முன்பு ஒருநாள் கேட்டவளுக்கு, எண்ணெய் டின்னை எடுத்துவந்து செய்து காட்டியவன் நான்தான்.

"இன்னாப்பா, கெளம்புமா கெளம்பாதா?"

கிளம்பியது. ஏற்றம் முழுக்க ஒரு திணறல் இல்லை. மேனேஜர் இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டு, கோவிந்தம்மாளைக் கைத்தாங்கலாக இறக்க வந்தார். "ஓடுதே!" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

போன் அடித்தது. பிரேமா.

"இன்னிக்கும் நின்னுப்போச்சாங்க?"

தட்டில் நான் வரையும்போது பக்கத்தில் குனிந்து கேட்பாளே, அதே குரல்.

"ஆங்."

"எதனாலங்க?"

விரலிடுக்கில் சோப்பு இன்னும் வழுக்கிக்கொண்டிருந்தது.

"தெரியல," என்றேன்.